லுங்கி 2, புதியது: களப்பணி முடித்து வந்த ஒரு ஹவில்தாரின் நிகழ்வு ஆய்வு

இதில் வருபவர் இன்னும் பணியில் இருக்கும் ராணுவ வீரர். அவரை அடையாளம் காட்டிவிடக்கூடிய வயது, ஊர், சில தேதிகள் ஆகியவற்றை மாற்றியிருக்கிறேன். எழுதி முடித்ததை அவரும் அவர் மனைவியும் படித்தார்கள். மனைவி ஓரிடத்தைத் திருத்தச் சொன்னார், திருத்தினேன். கணவர், "எழுத்துப் பிழை ரெண்டு இருக்கு மேடம்" என்றதோடு சரி.

வந்த விதம்

வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதற்கு மூன்றாம் நாள் எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். மனைவி கூட்டிவந்தார் என்பதே சரி. சீட்டில் எழுதியிருந்த குறை: "வயிறு எரிச்சல், 1 மாதம்." எங்கள் பக்கத்தில் மனநலப் பிரிவுக்கு வரும் ஆண்கள் பலரும் வயிற்றைக் காட்டித்தான் உள்ளே நுழைவார்கள். அதனால் அது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை.

வயது 37, சர்வீஸ் 17 வருடம். காஷ்மீரில் இரண்டரை வருடம் ஃபீல்டு, அதாவது களப்பணி. போன நவம்பரில் பஞ்சாபில் ஒரு பீஸ் ஸ்டேஷனுக்கு (களப்பணி இல்லாத அமைதிக்கால முகாம்) யூனிட் மாறியது. சித்திரையில் 60 நாள் ஆண்டு விடுப்பு கிடைத்து, ஹிம்சாகர் எக்ஸ்பிரசில் காட்பாடி வந்து இறங்கினார். ஊர், குடியாத்தத்திலிருந்து ஆந்திர எல்லைக்குப் போகும் சாலையில் ஒரு கிராமம். தெருவில் பாதி வீட்டில் தமிழ், பாதி வீட்டில் தெலுங்கு, எல்லா வீட்டிலும் அப்பாவுக்கு "நைனா". மூன்று ஏக்கர் மாந்தோப்பு உண்டு. மனைவி வீட்டிலேயே கைலி மடித்து லேபிள் ஒட்டிக் கொடுக்கிறார், பீஸ் கணக்கில் கூலி. இரண்டு பிள்ளைகள்.

வேலூர்ப் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் போவது புதிய கதை இல்லை. கம்மவான்பேட்டைக்கு 'மிலிட்டரி ஊர்' என்றே பெயர். எல்லையோரக் கிராமங்களிலும் தெருவுக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் பனிச்சரிவில் சிக்கி 10 வீரர்கள் இறந்தபோது, அதில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள், ஒருவர் வேலூர் மாவட்டத்தவர். கொடி போர்த்திய பெட்டி ஊருக்குள் வருவதை இங்கே சின்னப் பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டியும் வரும், கறுப்பு ட்ரங்குப் பெட்டி. அதை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை.

முதல் இரண்டு சந்திப்புகள்

மனைவி சொன்ன வரலாறு இது. வந்த நாளிலிருந்து இரவில் இரண்டு, மூன்று மணி நேரம்தான் தூக்கம். அதுவும் மொட்டை மாடியில். கேட்டால் "காத்து வருது" என்பார். கேண்டீன் ரம் முதல் வாரம் இரண்டு பெக், இப்போது ராத்திரிக்கு அரை பாட்டில். சின்னவள் பின்னாலிருந்து ஓடிவந்து கட்டிக்கொண்டபோது தட்டிவிட்டுவிட்டார், பிள்ளைக்கு உதட்டில் காயம். அன்றிலிருந்து அவள் அப்பாவிடம் போவதில்லை. சிரசுக்கு ஊரே கௌண்டன்ய ஆற்றங்கரைக்குப் போக, இவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஊர் டாக்டர் அல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரை அரை மில்லிகிராம் எழுதிக் கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அது தீர்ந்ததும் மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

பரிசோதனையில் ரத்த அழுத்தம் 150/96. கை லேசாக நடுங்கியது. கேள்விக்கு "எஸ் மேடம்", "நோ மேடம்". நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, கதவு தெரிகிற மாதிரி போட்டுக்கொண்டார். குடிப்பழக்கத்துக்கான ஆடிட்-சி மூன்று கேள்விகளில் 12க்கு 9 (ஆண்களுக்கு 4 வந்தாலே கவனிக்க வேண்டும்). மனச்சோர்வுக்கான பி.எச்.க்யூ.-9இல் 27க்கு 13. அதன் ஒன்பதாவது கேள்விக்கு, "செத்துப்போயிருந்தா பரவாயில்லன்னு சில நாள் தோணும். நானா ஒண்ணும் பண்ணிக்கமாட்டேன்" என்றார். தோப்புக்கு வாங்கி வைத்திருந்த பூச்சிமருந்தை அண்ணன் வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லி, அன்றே செய்ய வைத்தேன். எதை ஒத்திப் போட்டாலும் எங்கள் பக்கத்தில் இதை ஒத்திப் போடக்கூடாது.

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனவடுவை, அதாவது பி.டி.எஸ்.டி.யை, சல்லடை போட்டுப் பார்க்க பி.சி.-பி.டி.எஸ்.டி.-5 என்ற ஐந்து கேள்விப் படிவம் உண்டு. அமெரிக்க முன்னாள் வீரர்களுக்கான மருத்துவமனைகளில் உருவானது. ஐந்து கேள்விக்கு முன்னால் ஒரு வாசல் கேள்வி வரும்: பெரிய விபத்து, தீ, தாக்குதல், நிலநடுக்கம், வெள்ளம், போர், ஒருவர் கொல்லப்படுவதையோ படுகாயமடைவதையோ கண்ணால் பார்ப்பது, நெருங்கியவர் கொலையாலோ தற்கொலையாலோ இறப்பது, இப்படி ஏதாவது உங்களுக்கு நேர்ந்ததுண்டா? "இல்லை" என்றால் மதிப்பெண் பூஜ்யம், படிவம் அங்கேயே முடிந்துவிடும்.

அவர் யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இல்ல மேடம். எங்க டென்யூர்ல பெருசா கான்டாக்ட் எதுவும் ஆகல." கான்டாக்ட் என்றால் துப்பாக்கிச் சண்டை.

பூஜ்யம் என்று எழுதினேன். ஆனாலும் எனக்கு நம்பிக்கையில்லை. மறைக்கிறார் என்று நினைத்தேன். மாம்பழ சீசன் வேறு. கௌண்டின்யா சரணாலயத்திலிருந்து யானைகள் தோப்புகளுக்குள் இறங்கும், ராத்திரி முழுக்கத் தெருவில் யாராவது பட்டாசு கொளுத்திக்கொண்டே இருப்பார்கள். பட்டாளத்திலிருந்து வந்த மனிதர், வெடிச்சத்தம், மொட்டை மாடி, கதவைப் பார்த்த நாற்காலி. எல்லாம் பொருந்தி வந்தது. கோப்பில் "வெடிச்சத்தம் தூண்டுதல்" என்று அடிக்கோடிட்டேன்.

இரண்டாம் சந்திப்பில் மருந்தைச் சரிசெய்ததைத் தவிர பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. போகும்போது மனைவி மட்டும் கதவருகே நின்றார்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். சொன்னா சிரிப்பீங்க. அவரு வந்ததுலேருந்து கைலியே கட்டல. பேன்ட்டோடவே படுக்கறாரு."

குடியாத்தத்துக்காரருக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால்தான் புரியும். ஊரே கைலியில் பிழைக்கிறது. வீட்டுக்கு வந்த ஆண் முதலில் செய்கிற காரியம் பேன்ட்டைக் கழற்றிக் கைலிக்கு மாறுவதுதான். லீவில் வந்த பட்டாளத்துக்காரர் என்றால் கேட்கவே வேண்டாம். நான் சிரிக்கவில்லை, ஆனால் தப்பாகப் புரிந்துகொண்டேன். "எந்நேரமும் தயார் நிலையில், உடையோடு தூங்குகிறார்" என்று கோப்பில் எழுதினேன். பார்ப்பதற்கு எவ்வளவு கச்சிதமாக இருக்கிறது பாருங்கள்.

பெட்டி

மூன்றாம் சந்திப்பில் நேராகவே கேட்டேன், ஏன் கைலி கட்டுவதில்லை என்று. கொஞ்சநேரம் பேச்சில்லை. தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு டம்ளரைத் துளிச் சத்தம் வராமல் வைத்தார்.

"அந்த வாசனை மேடம். புதுக் கைலிக் கஞ்சி வாசனை."

பிறகு முக்கால் மணி நேரம் அவரே பேசினார். நான் குறுக்கே பேசவில்லை.

அதற்கு முந்தைய வருடம் ஜனவரியில், பனி பெய்த ஒரு காலையில், மலைப்பாதையில் வண்டி வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. அதில் இருந்தவர்களில் ஒருவர் இறந்துபோனார். ஆந்திராவின் குப்பம் பக்கத்துக்காரர், இவரைவிட ஏழு வயது சின்னவர். தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் எல்லைக்காரர்கள் இரண்டு பேர் ஒரே கம்பெனியில் இருந்தால் எப்படி ஒட்டிக்கொள்வார்களோ, அப்படி ஒட்டியிருந்தார்கள். விபத்தின்போது இவர் அங்கே இல்லை, உடலை அருகே போய்ப் பார்க்கவும் இல்லை. இவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை வேறு. இறந்தவருடைய உடைமைகளைக் கணக்கெடுத்து, பட்டியல் போட்டு, பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். ஓர் அதிகாரி, ஒரு சுபேதார், எழுதுவதற்கு இவர். இவர் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பது யூனிட்டில் எல்லாருக்கும் தெரியும்.

சுபேதார் ஒவ்வொன்றாக எடுத்து இந்தியில் சொல்லச் சொல்ல, இவர் எழுதினார். சீப்பு 1. சவர செட் 1. சார்ஜர் 1. வெங்கடாசலபதி படம் 1. தேங்காயெண்ணெய் பாட்டில் வந்தது, பாதி இருந்தது. பாதி பாட்டிலை எப்படி எழுதுவது என்று சுபேதாருக்கும் அதிகாரிக்கும் சின்ன வாக்குவாதம். கடைசியில் எழுதவில்லை. அடுத்து ஒரு பாலிதீன் பை. அதற்குள் பிரிக்காத இரண்டு கைலிகள், குடியாத்தம் கடை லேபிளோடு. போன லீவில் இவரே வாங்கிப் போனவை. ஒன்று அவனுக்கு, ஒன்று அவன் நைனாவுக்கு. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது எடுத்துப் போகிறேன் என்று பிரிக்காமல் வைத்திருந்திருக்கிறான். லீவு தள்ளிப்போனது. சுபேதார் பையைப் பிரித்து எண்ணினார். கஞ்சி வாசனை அந்தக் குளிர் அறையில் எழுந்தது. "லுங்கி, தோ. நயா." இவர் எழுதினார்: லுங்கி 2, புதியது.

"எனக்குக் கை நடுங்கல மேடம். கண்ணுல தண்ணி வரல. எழுத்து எப்பவும்போல அழகா வந்துச்சு. சாப் பார்த்துட்டு, பஹுத் அச்சான்னாரு. அதான் மேடம்." இங்கே நிறுத்திவிட்டார். "அன்னிக்காவது கோணலா வந்திருக்கலாம்."

வீட்டுக்கு வந்தால் முன்னறை முழுக்க மனைவி மடித்து அடுக்கிய புதுக் கைலிக் கட்டுகள். மொட்டை மாடிக்கு ஏறியது காவல் காக்க அல்ல, அந்த வாசனை எட்டாத இடம் அது ஒன்றுதான். சிரசு அன்றும் வாணவேடிக்கைக்குப் பயந்து உள்ளே இருக்கவில்லை. ஆற்றங்கரைக்குப் போக வேண்டுமென்றால் பஜாரில் கைலிக் கடைகளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நான் போட்ட அடிக்கோடு தப்பு. வெடிச்சத்தத்துக்குத் துள்ளினார், உண்மைதான். இரண்டரை வருடம் காஷ்மீரில் இருந்த யாரும் துள்ளுவார்கள். நோயின் கணு அது இல்லை.

அன்று வாசல் கேள்வியைத் தாண்டி மீதி ஐந்தையும் கேட்டேன். ஐந்துக்கு நான்கு. பெட்டி கட்டிய நாளை மையமாக வைத்து, மனவடுவின் கடுமையை அளக்கும் 20 கேள்விகள் கொண்ட பி.சி.எல்.-5ஐப் போட்டோம். 80க்கு 47. வழக்கமாக 31 முதல் 33 வரைதான் எல்லைக்கோடு. நேர்காணலில், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடான டி.எஸ்.எம்.-5 அளவுகோலுக்கும் பொருந்தியது. 2013இல் வந்த அந்தப் பதிப்பு, நெருங்கிய நண்பர் வன்முறையாலோ விபத்தாலோ இறந்ததை அறிவதையும் பேரதிர்ச்சியாகவே கணக்கில் கொள்கிறது. ஆக, நோயறிதலின் வாசலுக்குள் அவர் வருகிறார். சல்லடைப் படிவத்தின் வாசலில் கொலையும் தற்கொலையும் இருக்கின்றன, நண்பனின் விபத்து மரணம் சொல்லப்படவில்லை. அவரோ எழுத்துக்கு எழுத்துப் பார்க்கிற மனிதர். கேட்டதற்கு உண்மையான பதிலைச் சொல்லிவிட்டு வெளியே நின்றுவிட்டார்.

இரண்டு பூஜ்யங்கள்

ஃபீல்டிலிருந்து யூனிட் இறங்கிய நவம்பரிலும் அவரைக் கேட்டிருக்கிறார்கள். எம்.ஐ. ரூம் (யூனிட்டின் மருத்துவப் பரிசோதனை அறை) வரிசையில் நின்றபோது மருத்துவ அதிகாரி எல்லாரையும் கேட்டதுபோல இவரையும் கேட்டார்: "நீந்த் டீக்?" (தூக்கம் சரியா?) இவர் சொன்னார்: "டீக், சாப்." தூக்கம் அப்போதே போயிருந்தது. அது பொய். காரணத்தையும் மறைக்காமல் சொன்னார்: "கேட்டகரி ஆயிடும் மேடம்."

ராணுவத்தில் உடல்தகுதியை 'ஷேப்' என்ற ஐந்தெழுத்தால் குறிப்பார்கள். முதல் எழுத்து 'எஸ்' மனநிலை. மற்றவை கேட்கும் திறன், கைகால், உடல்வலு, கண்பார்வை. ஒவ்வொன்றுக்கும் 1 என்றால் எந்த வேலைக்கும் தகுதி, எண் ஏற ஏறக் கட்டுப்பாடு, 5 என்றால் பணிக்கே தகுதியில்லை. முழங்கால் போய் 'ஏ'யில் இறங்கியவரைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. 'எஸ்'ஸில் இறங்கினால் ஆயுதம் கையில் கொடுப்பதா என்ற கேள்வி வரும், ஹவில்தாருக்கு அடுத்த படியான நாயப் சுபேதார் பதவி உயர்வில் மருத்துவ வகை வந்து நிற்கும். இவருக்கு அந்தப் பதவி உயர்வு கூப்பிடு தூரத்தில் இருந்தது. நான் அவர் இடத்தில் இருந்தாலும் "டீக்" என்றுதான் சொல்லியிருப்பேன்.

அங்கே சொன்னது பொய், எங்களிடம் சொன்னது உண்மை, இரண்டுக்கும் கிடைத்த மதிப்பெண் ஒன்றே.

போருக்குப் போய்வந்தவர்களைப் படிவம் கொடுத்துச் சலிப்பதில் அமெரிக்காவுக்கு நீண்ட அனுபவம். இராக்கிலிருந்து வந்தவர்களுக்குத் திரும்பிய கையோடு ஒரு படிவம், 2005 முதல் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் இரண்டாவது படிவம். இரண்டையும் நிரப்பிய 88,235 வீரர்களின் கணக்கு 2007இல் வெளியானது. இரண்டாவது சுற்று முடிவில், முழுநேர வீரர்களில் 20.3 சதவீதமும், ரிசர்வ் படையினரில் 42.4 சதவீதமும் மனநலச் சிகிச்சை தேவைப்படுவோராகத் தெரிந்தார்கள். முதல் படிவத்தில் தெரியாமல் இருந்தவர்கள் இரண்டாவதில் ஏராளம். அதேபோல முதல் படிவத்தில் மனவடு அறிகுறி காட்டியவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இரண்டாவதற்குள் அது குறைந்தும் இருந்தது. ஊருக்குப் போகும் அவசரத்தில் இருப்பவனிடம் கேட்டால் கிடைப்பது ஒரு படம், ஊரில் போய் நாலு மாதம் இருந்தவனிடம் கேட்டால் கிடைப்பது வேறு படம். ரிசர்வ் வீரர்களின் எண் இரட்டிப்பானது என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. அவர்கள் படைமுகாமை விட்டு, சொந்த ஊரின் கடைத்தெருவுக்கும் பிள்ளைகளின் கூச்சலுக்கும் திரும்பியவர்கள். எங்கள் லீவுக்காரர் நிலைமையும் கிட்டத்தட்ட அதுதான், அறுபது நாளுக்கு.

உண்மை சொல்வார்களா என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பெயர் பதிவாகும் படிவத்தைவிடப் பெயரில்லாத தாளில் மனச்சோர்வும் மனவடுவும் இரண்டிலிருந்து நான்கு மடங்கு அதிகமாகத் தெரிந்தன. கேள்விகள் மாறவில்லை, பதிலுக்குக் கொடுக்க வேண்டிய விலைதான் மாறியது.

படிவத்தின் மேல் அதிகம் ஆசை வைக்காதே என்று சொல்வதும் ஓர் ஆய்வுதான். ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய 10,190 பிரிட்டிஷ் வீரர்களைப் பிளட்டூன் பிளட்டூனாகச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அவரவர் விடைக்கு ஏற்ற ஆலோசனை, மறு பிரிவுக்குப் பொதுவான அறிவுரை மட்டும். 2017இல் லான்செட்டில் வந்த முடிவு: 10 முதல் 24 மாதம் கழித்துப் பார்த்தபோது நோயின் அளவிலும் வித்தியாசமில்லை, உதவி தேடிப் போவதிலும் வித்தியாசமில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆலோசனையைப் படித்துப் பார்க்கவே விரும்பவில்லை. படிவம் ஒரு கதவைக் காட்டுகிறது, அவ்வளவுதான். எங்கள் நோயாளியை உள்ளே கொண்டுவந்தது "அவரு கைலி கட்டல" என்ற மூன்று சொல்லுக்குள் அடங்கிய மனைவியின் கவனம்.

மொழி விஷயத்தையும் சொல்ல வேண்டும். நாங்கள் வைத்திருந்த தமிழ்ப் படிவத்தில் "குற்ற உணர்ச்சி இருக்கிறதா?" என்று ஒரு வரி. அதற்கு முதலில் "இல்லை" என்றார். "நான் என்ன குத்தம் பண்ணேன்?" "மனசு உறுத்துதா?" என்று கேட்டதும் தலை கவிழ்ந்தது. "உணர்வற்று இருப்பதாக" என்ற வரி அவருக்குப் புரியவே இல்லை. "மரத்துப்போன மாதிரி இருக்கா?" என்றால் "பிள்ளைங்ககிட்டகூட" என்றார். "எப்போதும் எச்சரிக்கையுடன் இருக்கிறீர்களா?" என்ற கேள்விக்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, "அதானே மேடம் வேலை" என்றார் பெருமையாக. இந்தக் கேள்விக்குப் பட்டாளத்துக்காரர் சொல்லும் "ஆமா"வை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

சிகிச்சை

அல்பிரசோலத்தைப் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். மனவடுவுக்கு அந்த வகை மாத்திரைகள் உதவுவதில்லை, பழக்கமாகிவிடும் ஆபத்தும் உண்டு. குடியைக் குறைக்க தனி ஒப்பந்தம். பாட்டில் மனைவி பொறுப்பில், அளவு அவர் பொறுப்பில், கூடவே தயமின் (வைட்டமின் பி1). மனச்சோர்வுக்கும் மனவடுவுக்கும் தரப்படும் செர்ட்ரலின் மாத்திரை 50 மில்லிகிராமில் தொடங்கி மூன்றாம் வாரம் 100.

முக்கியமான வேலை பேச்சில்தான். தவிர்த்துக்கொண்டே இருப்பதை, தாங்குகிற அளவில் திரும்பத் திரும்ப எதிர்கொள்ள வைக்கும் முறை இது. வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள் பிடிக்கும். எங்களுக்கு லீவில் மிச்சம் இருந்தது ஐந்து வாரம். வாரத்துக்கு இரண்டாக ஒன்பது அமர்வுகள் முடித்தோம், ஒருநாள் யானை வந்ததால் பஸ் ஓடவில்லை.

முதல் பாதியில் அந்த அறையை வாய்விட்டுச் சொல்வார், கண்ணை மூடிக்கொண்டு, நடப்பதுபோல. நான்காம் முறை சொல்லும்போதுதான் பாதி எண்ணெய் பாட்டில் எங்கே போனது என்ற கேள்வி வந்தது. எழுதாத பொருளைப் பெட்டியில் வைக்கக்கூடாதென்று அதை ஜன்னலில் விட்டுவிட்டார்கள். அன்றுதான் முதன்முறையாக அழுதார். பாட்டிலுக்காக அழுதார். அழுது முடித்து, "அதை நானாவது எடுத்து வெச்சிருக்கலாம்" என்றார்.

இரண்டாம் பாதி, வாசனை. பதற்றத்துக்கு அவரே 0 முதல் 100 வரை மார்க் போட வேண்டும். பாலிதீன் பிரிக்காத புதுக் கைலியை மேசையில் வைத்த முதல் நாள் 85. எழுந்து ஜன்னலருகே போய்விட்டார். ஆனால் அறையை விட்டுப் போகவில்லை. அடுத்த வாரம் பிரித்து மடியில், 60. பிறகு வீட்டு முன்னறையில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து லேபிள் ஒட்டுவது. இதை நான் சொல்லவில்லை, அந்த அம்மாவின் யோசனை. "சும்மா உட்காந்திருந்தா வாசனைதான் வரும் மேடம், கூலி வராது" என்றார். ஒரு ராத்திரி நாற்பது பீஸ் ஒட்டினாராம். லேபிள் ஒன்றுகூடக் கோணலில்லை என்று மனைவி சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்தேன். லேசாகச் சிரித்தார்.

கடைசிப் படி குப்பம். இறந்தவரின் வீட்டுக்கு அவர் ஒருமுறைகூடப் போனதில்லை. பேரணாம்பட்டிலிருந்து பத்தலப்பல்லி மலைப்பாதை ஏறி வி.கோட்டா வழியாகப் போக வேண்டும். கொண்டை ஊசி வளைவுகள் வேறு. அண்ணனைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனார். திரும்பி வந்து சொன்னதைச் சுருக்காமல் தருகிறேன்.

"அவங்க நைனா திண்ணையில உட்காந்திருந்தாரு. அந்தக் கைலியத்தான் கட்டியிருந்தாரு மேடம். நான் எழுதுனதுல ஒண்ணு. சாயம் போயிருந்துச்சு. ரெண்டு வருஷம் வரும்னு சொல்லிக் குடுத்தான் கடைக்காரன். நம்ம ஊரு சரக்கா இதுன்னு எனக்கு ஒரே வெக்கமாப் போச்சு."

எழுதுவதா, வேண்டாமா

லீவு முடிய ஒரு வாரம் இருக்கும்போது பி.சி.எல்.-5இல் 28. தூக்கம் ஐந்து மணி நேரம். கட்டிலில், முன்னறையில். குடி வாரத்தில் இரண்டு நாள், இரண்டு பெக். சின்னவள் மறுபடி முதுகில் ஏறத் தொடங்கியிருந்தாள், பின்னாலிருந்து இல்லாமல் "நைனா, வரேன்" என்று சொல்லிவிட்டு.

இப்போது எனக்கு ஒரு சங்கடம். அவர் செர்ட்ரலின் சாப்பிடுகிறார், திரும்பிப் போனதும் கையில் ஆயுதம் வரும். அவருடைய மருத்துவ அதிகாரிக்கு இது தெரிய வேண்டும். மருந்தைப் பாதியில் விட்டால் திரும்ப வரும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, நோயாளியின் தகவலை ரகசியமாக வைக்க என்னைக் கட்டுப்படுத்துகிறது. பிறருக்குத் தீங்கு நேரும் என்ற நிலை போன்ற சில விலக்குகள் உண்டு. அப்படி ஓர் ஆபத்து அவரிடம் இல்லை. சாக வேண்டும் என்ற நினைப்பும் நாலு வாரமாக இல்லை. ஆக, சொல்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு.

பெங்களூரு கமாண்ட் மருத்துவமனையில் போய்க் காட்டலாம் என்றேன். "காட்டுனா எழுதுவாங்க மேடம்." தற்காலிகமாக இறக்கினாலும் மறுபரிசீலனையில் ஏற்றுவார்கள் என்றேன். "ஏத்துறதுக்குள்ள போர்டு முடிஞ்சிடும்." பதவி உயர்வுத் தேர்வுக் குழுவைத்தான் போர்டு என்றார். அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி-மானஸின் 14416 எண்ணைக் கொடுத்தேன். 2023 டிசம்பர் 1 முதல் புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் படையினருக்கென்றே அதற்குத் தனிப்பிரிவு இயங்குகிறது. எண்ணைக் குறித்துக்கொண்டு, "நம்பர் பதிவாகுமா மேடம்?" என்று கேட்டார்.

கடைசியில் ஒரு கடிதம் எழுதினேன். நோயின் பெயர், மருந்து, அளவு, குணமாகி வருகிறார், தொடர்ந்து பணிபுரியத் தகுதியானவர் என்பது என் கருத்து. உறையில் போட்டு ஒட்டி அவர் கையிலேயே கொடுத்தேன். எப்போது கொடுப்பது, கொடுப்பதா என்பது அவர் விருப்பம். இது எனக்கு நிறைவு தந்த ஏற்பாடு இல்லை. இதைவிட நல்லதும் தோன்றவில்லை.

எங்கள் பிரிவில் இரண்டை மாற்றினேன். பட்டாளத்திலிருந்து வருகிறவரிடம் இப்போது வாசல் கேள்வியைக் கடைசியில்தான் கேட்கிறோம், முதலில் தூக்கம், கனவு, உறுத்தல், மரத்துப்போதல். நிகழ்வுகளைக் கேட்கும்போது போர், விபத்தோடு இன்னொன்றையும் சேர்த்திருக்கிறோம்: "யாருடைய பெட்டியாவது கட்டினீர்களா, யாருடைய உடலோடாவது ஊருக்குப் போனீர்களா, யாருடைய வீட்டுக்காவது போன் போட்டுச் சொன்னீர்களா?" பிறகு வீட்டுக்காரம்மாவைத் தனியாக உட்காரவைத்து, வந்ததிலிருந்து எதைச் செய்வதை விட்டுவிட்டார் என்று கேட்கிறோம். எதைச் செய்கிறார் என்று கேட்டால் குடியும் கோபமும்தான் வரும், விட்டது என்ன என்று கேட்டால்தான் கைலி வரும்.

பின்தொடர்தல்

மாதம் ஒரு போன், ஞாயிற்றுக்கிழமை. மூன்றாம் மாதம் பி.சி.எல்.-5இல் 22. பட்டாசுக்கு இன்னும் துள்ளுகிறார், அதைப்பற்றி அவரும் கவலைப்படவில்லை, நானும் படவில்லை. மாத்திரையை மனைவி தபாலில் அனுப்புகிறார். அறையில் கேட்டவர்களிடம் பி.பி. மாத்திரை என்று சொல்லியிருக்கிறார். குப்பத்துப் பெரியவர் மாதம் ஒருமுறை அவருக்குப் போன் செய்கிறார், பெரும்பாலும் மாங்காய் விலை பற்றி.

கடிதம் என்னவாயிற்று என்று கேட்டேன்.

"ட்ரங்குப் பெட்டியில இருக்கு மேடம். கிட் லிஸ்ட்ல எழுதிட்டேன்."

என்னவென்று எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"கவர் 1. ஒட்டியது."

பொங்கலுக்கு 20 நாள் லீவு போட்டிருக்கிறார். உறையைக் கையோடு எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் போர்டு முடிந்திருக்கும், அப்போது மறுபடி பேசலாம் என்கிறார்.